சட்டம் வந்த மறுநாள் வகுப்பறையில் என்ன நடந்தது?



இன்றைக்கும் நீளமான பதிவுதான். ஒரு டீ போட்டுக்கொண்டு நிதானமாக உட்காருங்கள்.

வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ புதுத் திட்டங்களைப் பார்த்துவிட்டேன். மேலிருந்து சுற்றறிக்கை வரும். முதல் வேலையாக ஒரு நோட்டு வாங்கி, அட்டை போட்டு, கட்டம் கட்டமாகக் கோடு போடுவோம். பதிவேடு தயாரானால் திட்டம் பாதி நிறைவேறிவிட்டதாகக் கணக்கு! வகுப்பில் ஏதாவது மாறியதா என்பது வேறு கேள்வி. அந்தப் பழக்கத்தால்தானோ என்னவோ, வரலாறு படிக்கும்போது ஒரு சட்டம் எந்தத் தேதியில் வந்தது என்பதோடு எனக்கு மனம் நிறைவதில்லை. மறுநாள் காலை மணி அடித்த பிறகு பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று தேடுவேன்.

இந்த முறை தேடியது அமெரிக்காவின் சிறப்புக் கல்விச் சட்டத்தை. அங்கே குடியேறிய உங்களில் சிலர் "ஐ.இ.பி. மீட்டிங்" என்று என்னிடம் பேசுகிறீர்கள். அந்த மூன்றெழுத்துக்குப் பின்னால் ஐம்பது வருஷப் போராட்டம் இருக்கிறது. தெரிந்துகொண்டு அந்த மேசையில் உட்கார்ந்தால் தெம்பாக உட்காரலாம்.

முதலில் ஒரு விளக்கம். அங்கே "பள்ளி மாவட்டம்" என்றால் நம் கலெக்டர் மாவட்டம் இல்லை. ஒரு ஊருக்கோ, பக்கத்து ஊர்கள் சிலவற்றுக்கோ சேர்த்து ஒரு பள்ளி நிர்வாகம். பெரும்பாலும் மக்கள் ஓட்டுப் போட்டு வாரியத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். உள்ளூர்ச் சொத்துவரியில் ஒரு பெரும்பங்கு பள்ளிக்குப் போகும். லட்சக்கணக்கான பிள்ளைகள் உள்ள பெருநகர மாவட்டமும் உண்டு, இரண்டு மூன்று பள்ளிகளோடு முடிந்துவிடும் சின்ன மாவட்டமும் உண்டு. சட்டத்தை வாஷிங்டனில் எழுதலாம். நிறைவேற்ற வேண்டியது இந்தச் சின்ன நிர்வாகங்கள்தான்.

கதவு மூடியிருந்த காலம்

அமெரிக்காவில் கட்டாயக் கல்விச் சட்டங்கள் நூறு வருஷத்துக்கு முன்பே வந்துவிட்டன. ஆனால் பல மாநிலங்களில் அதற்குள்ளேயே ஒரு பின்கதவு இருந்தது. "இந்தப் பிள்ளைக்குப் பாடம் ஏறாது" என்று பள்ளி முடிவு செய்தால் வெளியே அனுப்பிவிடலாம். 1919-இல் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. மூளை முடக்குவாதம் உள்ள சிறுவன். படிப்பில் குறையில்லை. எச்சில் வடிகிறது, முகம் கோணுகிறது, பார்க்கும் ஆசிரியருக்கும் பிள்ளைகளுக்கும் சங்கடமாக இருக்கிறது என்று பள்ளி வெளியேற்றியது. நீதிமன்றமும் அது சரி என்றது.

பென்சில்வேனியாவில் ஐந்து வயதுக்குரிய மனவளர்ச்சி வராத பிள்ளையை முதல் வகுப்பில் சேர்க்க மறுக்கலாம் என்றே சட்டம் இருந்தது. அப்படிப்பட்ட பிள்ளைகளில் பலர் வீட்டில் கிடந்தார்கள், பலர் பெரிய காப்பகங்களில். 1967-இல் இத்தகைய அரசுக் காப்பகங்களில் ஏறக்குறைய 2 லட்சம் பேர் இருந்தார்கள். 1970-இல் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்குத்தான் அமெரிக்கப் பள்ளிகள் பாடம் சொல்லிக் கொடுத்தன.

நீதிமன்றத்துக்குப் போன பெற்றோர்

1954-இல் பிரவுன் வழக்கில், நிறத்தை வைத்துப் பள்ளிகளைப் பிரிப்பது சமத்துவம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கறுப்பின மக்கள் பெற்ற அந்தத் தீர்ப்பைப் பார்த்து, நம் பிள்ளைக்கும் இது பொருந்தாதா என்று கேட்டார்கள் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோர்.

பென்சில்வேனியாவில் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் 1949-இலிருந்தே சங்கம் வைத்திருந்தார்கள். அந்தச் சங்கம் 1971 ஜனவரியில் மாநில அரசின் மேல் வழக்குப் போட்டது. வழக்கறிஞர் தாமஸ் கில்ஹூல். எந்தப் பிள்ளையாலும் ஏதோ ஒன்றைக் கற்க முடியும் என்று வல்லுநர்கள் சாட்சி சொன்ன பிறகு, மாநில அரசு மேற்கொண்டு வாதாடாமல் உடன்பாட்டுக்கு வந்தது. 6 முதல் 21 வயது வரை ஒரு பிள்ளையையும் விலக்கக் கூடாது, வெளியே இருக்கும் பிள்ளைகளை அரசே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நடக்கிறதா என்று பார்க்க, ஒரு வழக்கறிஞரையும் ஒரு சிறப்புக் கல்வி வல்லுநரையும் நீதிமன்றம் கண்காணிப்பாளர்களாக நியமித்தது. ஒரு தீர்ப்புக்கு வழக்கறிஞர் மட்டும் போதாது, கற்பித்தல் தெரிந்தவரும் வேண்டும் என்பது அப்போதே புரிந்திருக்கிறது.

அடுத்து தலைநகர் வாஷிங்டன். அங்கே மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் சுமார் 22,000 பேர், அவர்களில் 18,000 பேர் வரை சிறப்புக் கல்வி எதுவும் பெறவில்லை என்று கணக்குச் சொன்னது. பணம் இல்லை என்றது நிர்வாகம். 1972 ஆகஸ்டில் நீதிபதி ஜோசப் வாடி அதை ஏற்கவில்லை. பணம் குறைவாக இருந்தால் அந்தக் குறையை எல்லாப் பிள்ளைகளும் பகிர்ந்துகொள்ளட்டும், இந்தப் பிள்ளைகள் தலையில் மட்டும் கட்டாதே என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். நம் வீடுகளில் குழம்பு குறைந்தால் எல்லார் தட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைப்போமே தவிர, ஒரு பிள்ளையை மட்டும் பட்டினி போடுவோமா?

1975

இந்த வழக்குகளின் சூட்டில்தான் தேசியச் சட்டம் வந்தது. நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பாதிக்கு மேற்பட்டோருக்குத் தகுந்த கல்வி இல்லை, 10 லட்சம் பேர் பள்ளிக்கு முழுக்க வெளியே என்று நாடாளுமன்றமே சட்டத்தில் எழுதி வைத்தது. 1975 நவம்பர் 29 அன்று அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்துப் போட்டார். போடும்போதே, மத்திய அரசால் தர முடிந்ததைவிட இந்தச் சட்டம் அதிகமாக வாக்குக் கொடுக்கிறது என்று கவலையையும் சொல்லிவிட்டார்.

சட்டம் கேட்டவை இவை:

ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவசமான, தகுந்த கல்வி.

பிள்ளைகளை மாவட்டமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

பரிசோதனை பிள்ளையின் தாய்மொழியில் நடக்க வேண்டும், ஒரே ஒரு தேர்வை வைத்து முடிவு கட்டக் கூடாது. (இதற்கும் ஒரு காரணம் உண்டு. கலிஃபோர்னியாவில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் அறிவுத்திறன் தேர்வு வைத்து, மந்தபுத்தி என்று தனி வகுப்பில் போட்டார்கள். தாய்மொழியில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் அந்த எல்லைக்கு மேலே வந்தார்கள். 1970-இல் அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது.)

முடிந்த மட்டும் மற்ற பிள்ளைகளோடு சேர்த்தே படிக்க வைக்க வேண்டும்.

பிள்ளைக்கென்று எழுத்தில் ஒரு தனித் திட்டம் வேண்டும். அதுதான் ஐ.இ.பி. பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது, ஒரு வருஷத்தில் எங்கே போக வேண்டும், அதற்குப் பள்ளி என்ன செய்யும் என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறையாவது திரும்பிப் பார்க்க வேண்டும்.

பெற்றோருக்குச் சம்மதம் இல்லையென்றால் விசாரணை கேட்கலாம்.

விரிவான விதிமுறைகள் 1977 ஆகஸ்டில் வெளிவந்தன. 1978 செப்டம்பர் 1-க்குள் 3 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு எல்லாம் தயாராக வேண்டும். ஒரே வருஷம்!

மாவட்டங்கள் திணறிய கதை

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மாசசூசெட்ஸ் மாநிலம் மத்திய அரசை முந்திக்கொண்டு இதேபோல் ஒரு சட்டத்தை 1972-இல் இயற்றி, 1974 செப்டம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ரிச்சர்ட் வெதர்லி, மைக்கேல் லிப்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அங்கே மூன்று பள்ளி நிர்வாகங்களைக் கூர்ந்து கவனித்து 1977-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள்.

அவர்கள் கண்டது என்ன? யாரும் சட்டத்தை எதிர்க்கவில்லை. பள்ளிக்காரர்கள் மாடாக உழைத்தார்கள். ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் குழு மதிப்பீடு, கூட்டம், படிவம் என்று வேலை மலைபோல் குவிந்தது. ஆளும் நேரமும் அந்த அளவுக்குக் கூடவில்லை. அதனால் அவரவர் குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். மதிப்பீடு செய்யும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். வகுப்பில் தொந்தரவு செய்யும் பிள்ளைக்கு முதலில் கூட்டம் போட்டார்கள். செலவு வைக்காத பிள்ளைக்கும் முன்னுரிமை கிடைத்தது. தனியாகக் கவனிக்க வேண்டிய பிள்ளையைக் கூட்டத்தோடு சேர்த்தார்கள். பெற்றோருக்குப் புரியாத கலைச்சொல்லாகப் பேசித் தலையாட்ட வைத்தார்கள்.

படித்தபோது சிரிப்பும் வந்தது, சங்கடமும் வந்தது. கண்டம் விட்டுக் கண்டம் போனாலும் ஆசிரியர் அறை ஒன்றுதான். அந்த ஆய்வாளர்கள் ஆசிரியர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. வேலையைக் கூட்டிவிட்டு அதைச் செய்யும் வழியைக் கொடுக்காவிட்டால், நல்லவர்கள்கூட இப்படித்தான் சமாளிப்பார்கள் என்று காட்டினார்கள். சட்டத்தின் கடைசிப் பக்கத்தை எழுதுகிறவர் வகுப்பில் நிற்கும் ஆள்தான் என்பது எனக்கு அங்கே தெளிவானது.

நடுவில் நின்று கைகொடுத்தவர்கள்

அப்படியானால் மாவட்டங்கள் எப்படித்தான் சமாளித்தன? ஐந்தாறு பள்ளி உள்ள ஊரில் காது கேளாத பிள்ளை ஒன்றே ஒன்று இருக்கும். அந்த ஒரு பிள்ளைக்காகத் தனி ஆசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் என்று வேலைக்கு வைக்க முடியுமா?

பென்சில்வேனியா 1971-இல் பழைய கவுண்டிக் கல்வி அலுவலகங்களை எடுத்துவிட்டு, "இன்டர்மீடியட் யூனிட்" என்ற பெயரில் 29 வட்டார அமைப்புகளை ஏற்படுத்தியது. சுமார் 500 பள்ளி மாவட்டங்களுக்கும் மாநிலக் கல்வித்துறைக்கும் நடுவில் இவை நின்றன. நியூயார்க்கில் இதே மாதிரிக் கூட்டுறவு அமைப்புகள் 1948-லேயே உண்டு. பல ஊர் சேர்ந்து ஒரு தேரை இழுப்பதுபோலத்தான். ஒரு பேச்சுப் பயிற்சியாளர் திங்கட்கிழமை ஒரு ஊர், செவ்வாய் அடுத்த ஊர் என்று போவார். பிரெய்ல் தெரிந்த ஆசிரியர் பள்ளி பள்ளியாகச் சுற்றுவார். புது விதி வந்தால் அதற்கு என்ன அர்த்தம், ஐ.இ.பி.யில் இலக்கை எப்படி எழுதுவது என்று மாவட்ட ஆசிரியர்களை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள். 1975 சட்டமும், சிறப்பாசிரியருக்கு மட்டுமன்றி வகுப்பாசிரியருக்கும் பணியிடைப் பயிற்சி தர ஒவ்வொரு மாநிலமும் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்றது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வட்டாரத்துக்கு ஒரு சிறப்பு வகுப்பு என்று வைத்ததால், பிள்ளை தன் தெருப் பள்ளியை விட்டுவிட்டு பஸ் ஏறித் தூரம் போக வேண்டி வந்தது. பள்ளி கிடைத்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் துணை கிடைக்கவில்லை. மற்ற பிள்ளைகளோடு சேர்த்துப் படிக்க வைக்கும் கடமையை மாநிலம் சரியாகச் செய்யவில்லை என்று 1994-இல் பென்சில்வேனியாவில் பெற்றோர் மறுபடி வழக்குப் போட்டார்கள். 2005-இல்தான் அது உடன்பாட்டில் முடிந்தது.

பணமும் பிடிவாதமும்

பணக் கதையையும் சொல்ல வேண்டும். ஒரு மாணவருக்கு ஆகும் தேசியச் சராசரிச் செலவில் 5 விழுக்காட்டில் தொடங்கி, 1982-க்குள் 40 விழுக்காடு வரை மத்திய அரசு தரலாம் என்று சட்டம் எழுதியது. அந்த 40-ஐ இன்றுவரை ஒரு வருஷம்கூட எட்டவில்லை. பெரும்பாலான வருஷங்களில் அதில் பாதிகூட வரவில்லை. மீதியை மாநிலமும் மாவட்டமும் சுமந்தன.

இந்தத் தலைவலியே வேண்டாம், மத்தியப் பணமும் வேண்டாம் என்று நியூ மெக்சிகோ மாநிலம் மட்டும் சில வருஷம் ஒதுங்கி நின்றது. ஆனால் 1973-இன் மறுவாழ்வுச் சட்டத்தில் 504-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. மத்திய உதவி பெறும் எந்த இடமும் மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்பது அது. அதை வைத்துப் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். கடைசியில் நியூ மெக்சிகோவும் வழிக்கு வந்தது.

அந்த 504-க்கான விதிமுறைகளும் தானாக வரவில்லை. நாலு வருஷம் இழுத்தடித்தார்கள். 1977 ஏப்ரல் 5 அன்று சான் பிரான்சிஸ்கோ அரசு அலுவலகத்துக்குள் நூறு பேருக்கு மேல் மாற்றுத்திறனாளிகள் போய் உட்கார்ந்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் நகரவில்லை. ஏப்ரல் 28-இல் அமைச்சர் ஜோசப் காலிஃபானோ கையெழுத்துப் போட்டார்.

அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் ஜூடி ஹியூமன். குழந்தையில் போலியோ தாக்கி சக்கர நாற்காலிக்கு வந்தவர். ஐந்து வயதில் பள்ளியில் சேர்க்கப் போனபோது, தீப்பிடித்தால் ஆபத்து என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு படித்து ஆசிரியர் வேலைக்குத் தகுதி பெற்றார். தீப்பிடித்தால் பிள்ளைகளை வெளியே கொண்டுவர மாட்டார் என்று சொல்லி உரிமம் மறுத்தார்கள். 1970-இல் வழக்குப் போட்டு வாங்கினார். நியூயார்க் நகரில் சக்கர நாற்காலியில் இருந்து பாடம் நடத்திய முதல் ஆசிரியர் அவர். 1993-இல் தேசியச் சிறப்புக் கல்வித் துறைக்கே பொறுப்பாளராக வந்து 2001 வரை இருந்தார். எந்தக் கதவு முன்னால் அம்மாவோடு நின்றாரோ, அந்தக் கதவுகளின் சாவி அவர் கைக்கு வந்தது. 2023 மார்ச்சில் காலமானார்.

1982 ஆகஸ்டில் ரீகன் அரசு, மாவட்டங்களின் சுமையைக் குறைக்கிறோம் என்று விதிகளைத் தளர்த்தப் பார்த்தது. ஊர் ஊராகப் பெற்றோர் திரண்டார்கள். முக்கியமான மாற்றங்களை அடுத்த மாதமே கைவிட வேண்டியதாயிற்று.

வகுப்பாசிரியர் மேசைக்கு வந்த வருஷம்

1990-இல் சட்டம் "ஐடியா" என்று பெயர் மாறியது, ஆட்டிசம் தனிப் பிரிவாகச் சேர்ந்தது. என் கண்ணில் பெரிய திருப்பம் 1997-இன் திருத்தம். பிள்ளை பொது வகுப்பில் படிக்கிறது என்றால், ஐ.இ.பி. கூட்டத்தில் பொது வகுப்பு ஆசிரியர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்றார்கள். சட்டம் வந்து 22 வருஷம் கழித்து! தினமும் ஐந்தாறு மணி நேரம் அந்தப் பிள்ளையோடு இருக்கும் ஆளைக் கூட்டத்துக்குக் கூப்பிட இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

"தகுந்த கல்வி" என்றால் எவ்வளவு என்ற சண்டையும் நடந்துகொண்டே இருந்தது. 1982-இல் ரவுலி வழக்கில், பிள்ளைக்குக் கல்வியால் ஓரளவு பயன் கிடைத்தால் போதும், அதன் முழுத் திறமையும் வெளிவரும் அளவுக்குச் செய்ய வேண்டியதில்லை என்றது உச்ச நீதிமன்றம். 2017-இல் எண்ட்ரூ வழக்கில் ஒரு படி ஏறியது. பெயருக்கு ஏதோ கொஞ்சம் முன்னேற்றம் என்பது போதாது, அந்தப் பிள்ளையின் நிலைக்கு ஏற்ற உண்மையான முன்னேற்றத்துக்குத் திட்டம் போட வேண்டும் என்று எல்லா நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்.

1976-77-இல் இந்தச் சட்டத்தில் சேவை பெற்றவர்கள் சுமார் 37 லட்சம் பேர். 2022-23-இல் 75 லட்சம் பேர். அரசுப் பள்ளி மாணவர்களில் 15 விழுக்காடு. குறை நிறைய இருக்கிறது. ஆனால் "உன் பிள்ளைக்கு இங்கே இடமில்லை" என்று எந்தப் பள்ளியும் சட்டப்படி சொல்ல முடியாது.

அங்கே இருக்கும் நம் பிள்ளைகளுக்கு

அந்தக் கூட்டத்தில் நீங்கள் விருந்தாளி இல்லை, குழுவின் உறுப்பினர். புரியாத வார்த்தை வந்தால் நிறுத்திக் கேளுங்கள். அம்மா அப்பாவுக்கு ஆங்கிலம் சரளமாக வராவிட்டால், புரியும்படி மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது பள்ளியின் கடமை. தமிழுக்கும் கேட்கலாம். வெட்கப்பட எதுவுமில்லை. அந்த மேசையில் உங்களுக்கு நாற்காலி போட வைத்தது 1971-இல் வழக்குப் போட்ட அம்மா அப்பாக்கள்.

இங்கே ஆசிரியர்களாக இருக்கும் என் பிள்ளைகளுக்கு

நம் நாட்டிலும் 1995-இல் ஒரு சட்டம், 2009-இல் கல்வி உரிமைச் சட்டம், 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் என்று எல்லாம் வந்துவிட்டன. 1995-இல் 7 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டார்கள், 2016-இல் அது 21 ஆனது. பென்சில்வேனியாவில் அந்த 29 அமைப்புகள் செய்யும் வேலையைப் போன்றதை இங்கே நம் வட்டார வள மையங்கள் செய்ய வேண்டியிருக்கிறது. அங்கிருந்து ஒரு சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்கு அலைகிறார். வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு, வெயிலில் வந்து, உங்கள் பள்ளியில் இறங்குகிறார்.

அடுத்த முறை அவர் வரும்போது, தலைமையாசிரியர் அறையில் உட்கார வைத்து, டீ கொடுத்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடாதீர்கள். டீ கொடுங்கள், பிறகு உங்கள் வகுப்புக்குள் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பிள்ளை பக்கத்தில் அவரை உட்கார வையுங்கள். அவர் என்ன செய்கிறார் என்று பத்து நிமிஷம் பக்கத்தில் நின்று பாருங்கள். மறுநாள் அவர் வர மாட்டார், நீங்கள்தான் இருப்பீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்